பதினொன்றாம் அப்பளம்

சொட்டு விழுந்தது எண்ணெய் டின் மேல்.
ஓட்டை அதற்கு நேர் மேலேதான் என்று
யாகப்பன் கூரையேறி
எம்சீல் உருட்டி அப்பிவிட்டு வந்தார்.
மறுநாள் மழை
அதே டின்னைத் தட்டியது,
வாடகை கேட்க வந்தவர் மாதிரி.

பணகுடி ரைஸ்மில்லுக்குப் பின்னால் நிற்கிறது வண்டி.
கொடையெல்லாம் முடிந்தாயிற்று,
உவரித் திருவிழாவுக்குத் தை வர வேண்டும்.
அதுவரை பன்னிரண்டடிக்கு ஆறடி.
ஒரு கட்டில், ஒரு அடுப்பு,
எட்டு மூட்டை டெல்லி அப்பளம்.

சேலை நனைந்தால் காயப்போடலாம்.
ஈரம் குடித்த அப்பளம் எண்ணெயில் விரியாது,
சுருண்டு கறுத்து
வாங்க வந்த பிள்ளையின் முகத்தையும் சுருக்கிவிடும்.

"தண்ணி விழுத இடத்தப் பாக்காதிய,
வந்த தடத்தப் பாருங்க" என்றேன்.
தடம் எப்படித் தெரியும் என்றார்.
உடைந்ததில் பதினாறு பொறுக்கிப் பொரித்து
கூரைச் சட்டத்தில் அங்கங்கே செருகினேன்.
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சாக்பீஸால் நம்பர்.
நமுக்கிறது சொல்லட்டும்.

செருகிய அன்றே மழை நின்றுபோனது.
மகேந்திரகிரி தலையில் முக்காடு போட்டதோடு சரி.
நாங்களே பெய்ய வேண்டியதாயிற்று,
ட்ரம் முப்பது ரூபாய் தண்ணீரில்.
மாடத்தி ஆட்டைப் பிடித்தபடி நின்று பார்த்தாள்.
"ஏளா, ஒழுகுதுன்னு அழுதே,
இப்ப வெலைக்கு வாங்கி ஊத்துதியே,
கிறுக்கா பிடிச்சிருக்கு?"
கொஞ்ச நேரத்தில் ஒரு அலுமினியச் சட்டியோடு வந்து
வண்டியோரம் வைத்தாள்.
வழிந்த மழையை அவள் ஆடுகள் குடித்தன.

கீழிருந்து மேலே, ஒவ்வோர் இடமாக.
அவர் வெளியே ஓஸோடு,
நான் உள்ளே கட்டிலில் மல்லாந்து, டார்ச்சோடு.
சக்கரத்து மேல்விளிம்பு: ஒன்றுமில்லை.
ஜன்னல் ரப்பர்: ஒன்றுமில்லை.
முன்பக்கத் தகர மடிப்பில்
கால் மணி நேரம் ஊற்றினார், ஒன்றுமில்லை.
பின்னால் போனார்.
பதினொன்றாம் அப்பளம்
மெல்லத் தலை கவிழ்ந்தது.

டின்னிலிருந்து நாலு முழம் தள்ளி.
அங்கே புகுந்த நீர்
பிளைவுட்டுக்கு மேலேயே நடந்து,
இரண்டு சட்டம் தாண்டி,
பல்பு வயரைப் பிடித்து இறங்கி,
நுனியில் கொஞ்சம் யோசித்து
டின்னில் விழுந்திருக்கிறது.

"நிறுத்துங்க" என்று கத்தினேன்.
எங்கே என்று உடனே சொல்லவில்லை.
அந்த இடத்தில் இருப்பது கூம்பு ஸ்பீக்கர்.
கூப்பிட்டால்தான் கூட்டம் வரும் என்று
உவரிக் கடற்கரையில் போன வருஷம்
நான் அடம்பிடித்து ஏற்றியது.
நாலு ஸ்குரூ. மூன்றுக்கு வாஷர்.
நாலாவது வாஷர் மணலில் விழுந்தது.
தேடப் போனவரை
"சவம் கெடக்கட்டும், முறுக்குங்க" என்றவள் நான்.

அவர் கூரையிலிருந்து எட்டிப் பார்த்தார்.
அவருக்கும் ஞாபகம் இருந்தது.
கத்தியை மட்டும் கேட்டார்.

பழைய எம்சீலைச் சுரண்டி எடுத்தோம்.
அடியில் பலகை
டீயில் முக்கிய ரஸ்க்காகக் கிடந்தது.
கறுத்ததை எல்லாம் வெட்டிவிட்டு
இரண்டு நாள் வெயில், ராத்திரியில் அடுப்பு அனல்.
புதுத் துண்டு வைத்து,
தார் டேப்பை ஓட்டி,
லாரி டியூபில் நாலு வட்டம் வெட்டி
மூன்று நல்ல வாஷரையும் சேர்த்தே மாற்றினோம்.
சிலிக்கான் காடி நாற்றம் நாற்றது.
அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் பத்தொன்பது நாள் வானம் வெறிச்.
அப்படி ஒரு மழைக்கு நாங்கள்
காத்திருந்ததே கிடையாது.

வந்தது ஒருநாள் ராத்திரி, காற்றோடு, சாய்வாக.
ஜன்னலை இறுகச் சாத்தி
சோறு வடித்து, தின்று, படுத்து
இருவரும் டின்னையே கேட்டுக்கொண்டிருந்தோம்.
டின் வாய் திறக்கவில்லை.
விடியப்போகையில்
என் நெற்றியில் ஒரு சொட்டு.

டார்ச்சோடு எழுந்தார் யாகப்பன்.
ஸ்குரூவைத் தடவினார், உலர்ந்திருந்தது.
டேப்பின் ஓரம், உலர்ந்திருந்தது.
தலைக்கு மேல் தகரம் முழுக்க
பொடிப்பொடியாக வேர்த்திருந்தது.
சோற்று ஆவி, ராத்திரி பூரா நாங்கள் விட்ட மூச்சு.

அதற்கு டேப் கிடையாது.
ஜன்னலை ஒரு விரக்கடை திறந்துவைத்துவிட்டு
நெற்றியைத் துடைக்காமல் படுத்தேன்.